மார்ஃபினும் பூட்டிய அலமாரியும்

நீண்ட பதிவு. மருத்துவ வரலாறும் சட்ட வரலாறும் பயிலும் மாணவர்களை மனத்திற்கொண்டு எழுதியது. பொறுமை உள்ளவர்கள் இறுதிவரை வாசித்து, பிழைகள் தென்பட்டால் சுட்டிக்காட்ட வேண்டுகிறேன்.

சில வாரங்களுக்கு முன் முதுகலை மாணவர்களுடனான ஒரு கலந்துரையாடலில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அபினி வணிகத்தைப் பற்றிப் பேசினேன். கல்கத்தா ஏலம், சீனத்துக்குச் சென்ற பெட்டிகள், காஸிப்பூர் ஆலை என்று வழக்கமான செய்திகள்தாம். முடிந்து எழுந்தபோது ஒரு மாணவி அருகில் வந்து கேட்டார்: “இவ்வளவு அபினி விளையும் நாட்டில், எங்கள் பாட்டி புற்றுநோயால் துடித்தபோது மார்ஃபின் மாத்திரைக்காக அப்பா ஏன் மூன்று மாவட்டங்கள் அலைந்தார், சார்?” அன்று நான் சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. இப்பதிவு அந்த விடையைத் திருத்திக்கொள்ளும் முயற்சி.

வழக்கமாகச் சொல்லப்படும் விடை எளிது. மார்ஃபின் ஆபத்தான மருந்து, அடிமையாக்கக்கூடியது, ஆகவே அரசு அதைக் கட்டுப்படுத்துகிறது. இவற்றுள் எதுவும் பொய்யன்று. ஆயினும் பிரிட்டனும் ஜெர்மனியும் இதே மருந்தைக் கட்டுப்படுத்துகின்றன; அங்கே புற்றுநோயாளிக்கு மார்ஃபின் கிடைக்கிறது. எனவே கட்டுப்பாடு என்ற ஒன்றே காரணமாக இருக்க இயலாது. ஆபத்தை யார் அளந்தார்கள், எந்த இடத்தில் நின்று அளந்தார்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. இந்தியாவில் மார்ஃபினின் பாதுகாப்பு என்பது நெடுங்காலம் கிடங்குக் காவலரின் கேள்வியாக, கலால் அதிகாரியின் கேள்வியாக இருந்தது. நோயாளியின் படுக்கையருகே நின்று அக்கேள்வியைக் கேட்டது மிகவும் பிந்தித்தான்.

செடியிலிருந்து தொடங்குவோம். நம் அடுக்களையில் குருமாவுக்கு அரைக்கும் கசகசா, அபினிச் செடியின் விதை. அச்செடியின் பச்சைக் காயைக் கூரிய கருவியால் மெல்லக் கீறினால் பால் கசியும். கீறலைப் பிற்பகலில் செய்து, இரவெல்லாம் கசிந்து இறுகிய பாலை மறுநாள் காலையில் வழித்தெடுப்பார்கள். அதுவே அபினி. அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மார்ஃபின். கோடீன், தெபெய்ன், நார்கோட்டின் முதலிய வேறு ஆல்கலாய்டுகளும் உண்டு. ஃப்ரீட்ரிஷ் ஸெர்ட்யூர்னர் என்ற ஜெர்மானிய மருந்தாளுநர் 1800களின் தொடக்கத்தில் அபினியிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்து, 1817இல் தம் ஆய்வை விரிவாக வெளியிட்டார். கிரேக்கரின் கனவுத் தெய்வமான மார்ஃபியஸின் பெயரே மருந்துக்கு வந்தது.

பிரித்தெடுத்ததன் பயன் வீரியம் மட்டுமன்று. ஒரு வயலின் அபினிக்கும் அடுத்த வயலின் அபினிக்கும் வலிமை வேறுபடும். ஒரே அளவு உருண்டை ஒருவருக்கு உறக்கம் தரும், இன்னொருவரின் மூச்சை நிறுத்தும். மார்ஃபின் தனிப்பொருளாகக் கிடைத்த பிறகுதான் இத்தனை மில்லிகிராம் என்று அளந்து கொடுப்பது இயன்றது. அதாவது, மார்ஃபின் பிறந்ததே ஒரு பாதுகாப்பு ஏற்பாடாகத்தான். 1850களில் ஊசிமருந்துக் குழல் வந்தபோது இந்தக் கணக்கு மறுபடியும் குலைந்தது. விரைவாகச் செயல்படும் மருந்து விரைவாகவே பழக்கத்தையும் உண்டாக்கும் என்பதை ஐரோப்பாவும் அமெரிக்காவும் அதற்கடுத்த சில பத்தாண்டுகளில் கற்றன.

இந்தியாவின் கதை வேறு பாதையில் சென்றது. காஸிப்பூரின் அபினி ஆலை 1820இல் கம்பெனியால் நிறுவப்பட்டது. கங்கைக் கரையில் இன்றும் இயங்குகிறது. உழவருக்கு முன்பணம் கொடுத்து, விளைந்ததை அரசே எடைபோட்டு, தரம் பிரித்து வாங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் இந்திய அரசின் வருவாயில் நிலவரிக்கு அடுத்த நிலைகளில் அபினி இருந்தது. இத்தகைய அமைப்பில் ‘கசிவு’ என்ற சொல்லுக்கு ஒரே பொருள்: அரசுக்கு வரவேண்டிய காசு வெளியே போகிறது. ஆலையின் வாயிற்சோதனையும், ஒவ்வொரு சேர் எடைக்கும் கணக்கும், 1857, 1878 ஆண்டுகளின் அபினிச் சட்டங்களும் இந்தக் கசிவைத் தடுக்க உருவானவை. மக்கள் நலம் பற்றிய பேச்சு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

1893 முதல் 1895 வரை இயங்கிய அரச அபினி ஆணையத்தின் தொகுதிகளை வாசிக்காமல் யாரும் இத்துறையில் ஆய்வு செய்யக்கூடாது என்பேன். 700க்கும் மேற்பட்ட சாட்சிகள். ஆணையம் இறுதியில் அபினி வருவாய்க்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. ஹென்றி வில்சன் என்ற உறுப்பினர் மறுப்புக் குறிப்பு எழுதினார். அரசியல் வரலாற்றாசிரியர்கள் அதைப் பலமுறை அலசியாயிற்று. எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. சாட்சியங்களில் அபினி திரும்பத் திரும்ப வீட்டு மருந்தாகவே தோன்றுகிறது: குளிர்க்காய்ச்சலுக்கு, சீதபேதிக்கு, முதியோரின் மூட்டுவலிக்கு. ஆலை வேலைக்குப் போகும் பம்பாய்த் தாய்மார் குழந்தையை உறங்கவைக்கக் கொடுத்த அபினிக் குளிகையும் இக்காலத்ததே. நன்மையும் கொடுமையும் ஒரே உருண்டையில் இருந்தன. இவ்விரண்டையும் பிரித்தறியும் மருத்துவ ஏற்பாடு எதையும் அரசு உருவாக்கவில்லை. அபினியை விற்பதற்கு உரிமம் தரும் கடை இருந்தது. கொடுப்பதற்குக் கற்பிக்கும் இடம் இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் பன்னாட்டு ஒப்பந்தங்களை விரைவாகக் கடந்துவிடலாம். 1912 ஹேக், 1925 ஜெனீவா, அவற்றின் வழியில் 1930இல் இந்தியாவின் அபாயகரமான மருந்துகள் சட்டம், பின்னர் 1961இன் ஒற்றை ஒப்பந்தம். இந்தக் கடைசி ஒப்பந்தத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல். அதன் முகப்புரை, வலியைத் தணிப்பதற்கு இம்மருந்துகள் இன்றியமையாதவை என்றும், அவை போதிய அளவில் கிடைக்க நாடுகள் வழிசெய்ய வேண்டும் என்றும் ஏற்கிறது. முறைகேட்டைத் தடுப்பது ஒரு கடமை. கிடைக்கச் செய்வது மற்றொரு கடமை. நம் நாட்டில் முதற்கடமைக்கு அலுவலகமும் அதிகாரியும் தண்டனையும் இருந்தன. இரண்டாவது முகப்புரையிலேயே தங்கிவிட்டது.

1985க்கு வருவோம். 1980களின் தொடக்கத்தில் இந்திய நகரங்களில் ஹெராயின் பரவியது. பழைய சட்டத்தின் தண்டனைகள் போதவில்லை என்ற கருத்து வலுத்தது. அவ்வாண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய போதைப்பொருள் மற்றும் உளமயக்கப் பொருள்கள் சட்டம், அதாவது என்.டி.பி.எஸ். சட்டம், நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. முன்பு மூன்றாண்டுக்கு மேற்படாதிருந்த சிறைத்தண்டனை, இப்போது குறைந்தது பத்தாண்டு ஆயிற்று. குறைந்தது ஓர் இலட்சம் ரூபாய் தண்டத்தொகை. சிறிய அளவு, வணிக அளவு என்ற பாகுபாடு 2001இல்தான் வந்தது. சிறு அளவைச் சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருந்தவருக்கு மட்டும் ஒரு சலுகை இருந்தது. மருந்தகப் பதிவேட்டில் சில மாத்திரைகள் கணக்கில் வராமல்போன மருந்தாளுநர், தாம் எந்தப் பிரிவில் வருவோம் என்று நடுங்குவதற்குப் போதிய காரணம் இருந்தது.

இச்சட்டம் மருத்துவப் பயன்பாட்டைத் தடைசெய்தது என்று பலர் எழுதுகிறார்கள். தவறு. எட்டாம் பிரிவைப் படித்துப் பாருங்கள்: மருத்துவ, அறிவியல் நோக்கங்களுக்கு விலக்கு அளித்த பின்பே தடை பேசப்படுகிறது. தடை சட்டத்தில் இல்லை. அதன் கீழ் எழுதப்பட்ட விதிகளில், அவ்விதிகளை நடத்திய அலுவலகங்களில் இருந்தது. மார்ஃபினை வைத்திருக்கவும் கொண்டுசெல்லவும் வாங்கவும் விற்கவும் விதி வகுக்கும் அதிகாரத்தைப் பத்தாம் பிரிவு மாநிலங்களிடம் ஒப்படைத்தது. ஒவ்வொரு மாநிலமும் தன் போக்கில் விதி செய்தது. பல மாநிலங்களில் ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்க நான்கைந்து உரிமங்கள் வேண்டியிருந்தன: வைத்திருக்க ஒன்று, மாநிலத்துக்குள் கொண்டுவர ஒன்று, அனுப்பும் மாநிலத்திலிருந்து ஏற்றுமதிக்கு ஒன்று, வழிப்பயணத்துக்கு ஒன்று என்று. கலால் துறை ஒருபுறம், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மறுபுறம். எல்லா உரிமங்களும் ஒரே வேளையில் உயிருடன் இருக்க வேண்டும். ஐந்தாவது உரிமம் கைக்கு வருமுன் முதல் உரிமத்தின் காலம் முடிந்துவிடும். அரசு அலுவலகங்களில் கோப்பு நகரும் வேகம் தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

விளைவு எண்ணில் தெரிந்தது. 1985க்கும் 1997க்கும் இடையில் நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 97 விழுக்காடு வீழ்ந்தது. 1997இல் இந்தியா முழுவதும் பயன்பட்ட மார்ஃபின் 18 கிலோகிராம்.

இந்த 18 கிலோவைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். முற்றிய புற்றுநோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் வாய்வழி மார்ஃபின் மூன்று மாதங்களுக்குத் தேவைப்படுவதாகக் கொண்டால், ஒருவருக்கு 5.4 கிராம். 18 கிலோ ஏறத்தாழ 3,300 பேருக்குப் போதும். நூறு கோடியை நெருங்கிக்கொண்டிருந்த மக்கள்தொகை. ஆண்டுதோறும் இலட்சக்கணக்கில் புற்றுநோய் மரணங்கள். மறுபக்கம், 18 கிலோ மார்ஃபினைப் பிரித்தெடுக்க இருநூறு கிலோ அபினியே போதும். மந்த்ஸௌர், நீமச் பக்கத்துச் சில ஹெக்டேர் வயல் அதைத் தந்துவிடும். அதே ஆண்டுகளில் இந்தியா நூற்றுக்கணக்கான டன் அபினியைச் சட்டபூர்வமாக ஏற்றுமதி செய்துகொண்டிருந்தது. தன் மருந்து நிறுவனங்கள் இறக்குமதி செய்யும் போதைமருந்து மூலப்பொருளில் 80 விழுக்காடு இந்தியாவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் வரவேண்டும் என்று அமெரிக்கா 1981இலேயே விதித்திருந்தது. நீமச் வயலின் பால் அட்லாண்டிக்கைக் கடந்து, அறுவைசிகிச்சை முடிந்த ஓர் அமெரிக்கரின் வலியைத் தணித்தது. அந்த வயலுக்கு அருகிலிருந்த மாவட்ட மருத்துவமனையின் அலமாரியில் அது இருந்திருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

இன்னொன்றையும் கவனியுங்கள். என்.டி.பி.எஸ். சட்டத்தை நிர்வகித்தது நிதியமைச்சகத்தின் வருவாய்த் துறை. அபினி ஆலைகளும் அதே அமைச்சகத்தின் கீழ். ஒரு வலிமருந்தின் விதியை எழுதும் மேசை சுகாதார அமைச்சகத்தில் இல்லாமல் வருவாய்த் துறையில் இருப்பது தற்செயல் அன்று. 1820இல் தொடங்கிய ஒரு பழக்கத்தின் தொடர்ச்சி என்றே நான் வாசிக்கிறேன். இதை மிகைப்படுத்தல் என்பவர்கள் உண்டு. என் ஆய்வு நெறியாளரும் அவர்களுள் ஒருவர்.

காலப்பொருத்தம் கொடுமையானது. லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் 1967இல் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ், வாய்வழி மார்ஃபினை வலி வந்த பின் அல்லாமல் கடிகாரப்படி முன்கூட்டியே கொடுக்கும் முறையை நிலைநாட்டியது. அந்த அறிவைத் திரட்டி உலகச் சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலி தணிப்புக்கான கையேட்டை 1986இல் வெளியிட்டது. வாய்வழியே, கடிகாரப்படி, படிப்படியாக என்னும் புகழ்பெற்ற நெறி அதிலிருந்து பரவியது. உலகம் மார்ஃபினைப் பாதுகாப்பாகக் கொடுக்கக் கற்றுக்கொண்ட அதே ஆண்டுகளில் நாம் அதை மறக்கத் தொடங்கினோம்.

மறப்பு என்று சொல்வது உவமையன்று. மருந்து வராத மருத்துவமனையில் பயிற்சி பெறும் இளம் மருத்துவர் மார்ஃபின் மாத்திரையைக் கண்ணால் காண்பதில்லை. அவர் பேராசிரியராகும்போது கற்பிக்க அவரிடம் எதுவும் இருப்பதில்லை. மாறாக, மருந்தியல் வகுப்பில் படித்த ஒரே ஒரு வரி மனத்தில் தங்குகிறது: மூச்சை அடக்கும், அடிமையாக்கும். 1990களின் பிற்பகுதியில் என் பெரியப்பா வாய்ப் புற்றுநோயோடு ஒரு பெரிய மருத்துவமனையில் கிடந்தபோது, பென்டாசொசின் ஊசி ஒன்றே மாற்றி மாற்றிப் போடப்பட்டது. “மார்ஃபின் கொடுத்தால் பழகிவிடும்” என்று அங்கிருந்த மருத்துவர் பெரியம்மாவிடம் சொன்னார். பெரியப்பா அதன்பின் வாழ்ந்தது பதினேழு நாள். அந்த மருத்துவரைக் கொடியவர் என்று நான் நினைக்கவில்லை. அவர் தமக்குக் கற்பிக்கப்பட்டதைச் சொன்னார்.

இங்கே பாதுகாப்பு என்ற சொல்லின் மருத்துவப் பொருளைத் தெளிவுபடுத்த வேண்டும். கலைப்புல மாணவர்கள் இதைத் தாண்டிப் போகாதீர்கள். வலியுள்ளவருக்கு மார்ஃபினைச் சிறிய அளவில், ஐந்து அல்லது பத்து மில்லிகிராமில் தொடங்கி, நான்கு மணிநேரத்துக்கு ஒருமுறை கொடுத்து, வலிக்கேற்ப மெல்ல உயர்த்துவார்கள். முதற்சில நாள்களில் குமட்டலும் உறக்கமும் வரும். பெரும்பாலும் தாமே தணியும். மலச்சிக்கல் தணியாது, ஆகவே முதல் நாளிலிருந்தே மலமிளக்கி சேர்த்து எழுத வேண்டும். மூச்சடக்கம் திடீரென்று வானத்திலிருந்து விழுவதில்லை. முறையாக உயர்த்தும்போது அதற்குமுன் மிகுந்த மயக்கம் வரும். கவனிப்பவர் அங்கே அளவைக் குறைத்துவிடலாம். நலாக்ஸோன் என்ற முறிமருந்தும் உண்டு. உண்மையான அபாயம் எங்கே? சிறுநீரகம் பழுதுபட்டவரிடம் மார்ஃபினின் சிதைபொருள்கள் தேங்கும். மதுவோடும் உறக்க மாத்திரைகளோடும் சேர்ந்தால் மூச்சு அடங்கும். பழக்கமில்லாதவருக்குப் பெரிய அளவைக் கொடுத்தாலும், வீட்டில் குழந்தை எடுத்து விழுங்கினாலும் உயிர் போகும். இவை அனைத்தும் கற்றுத் தடுக்கக்கூடியவை. ஐந்து உரிமங்களுள் எதுவும் இவற்றுள் ஒன்றையும் தடுப்பதில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, உடற்சார்பும் அடிமைப்படுதலும் ஒன்றல்ல. சில வாரம் மார்ஃபின் எடுத்தவர் சட்டென நிறுத்தினால் உடல் தத்தளிக்கும். படிப்படியாகக் குறைத்தால் தத்தளிக்காது. இது உடலியல். தீங்கு கண்ணெதிரே தெரிந்தும் மருந்தைத் தேடி ஓடும் கட்டாய வேட்கையே அடிமைப்படுதல். இவ்வேறுபாட்டை மருத்துவர்கள் குழப்பியது மட்டுமன்று, சட்டமும் குழப்பியது. 2001ஆம் ஆண்டுத் திருத்தம், போதைமருந்தின் மீது ‘சார்பு’ கொண்டவர் எவரோ அவரே அடிமை என்று வரையறுத்தது. சொல்லுக்குச் சொல் படித்தால், மருத்துவர் எழுதிக்கொடுத்த மார்ஃபினால் உறங்கும் புற்றுநோயாளியும் அவ்வரையறைக்குள் வந்துவிடக்கூடும்.

படுக்கையருகே நின்று பாதுகாப்பை அளந்த முயற்சி கோழிக்கோட்டில் நிகழ்ந்தது. மயக்கவியல் பேராசிரியர் எம். ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் தன்னார்வலர்களும் சேர்ந்து, 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் வலி மற்றும் தணிப்புச் சிகிச்சைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். தணிப்புச் சிகிச்சை என்று நான் எழுதுவது பாலியேட்டிவ் கேர் என்று பரவலாக அறியப்படுவதையே. மும்பையில் 1986இல் சாந்தி அவேத்னா ஆசிரமம் இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸாகத் தொடங்கியிருந்தது. கோழிக்கோடு வேறு வழியில் சென்றது. நோயாளியைக் கட்டடத்துக்குள் கொண்டுவருவதைவிட, மருந்தையும் செவிலியரையும் பக்கத்து வீட்டுத் தன்னார்வலரையும் நோயாளியின் வீட்டுக்கு அனுப்புவது. மார்ஃபின் மாத்திரை புறநோயாளிகளுக்கும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பப்பட்டது.

கலால் துறையின் கண்ணில் இதைவிடப் பெரிய கசிவுவாய் இருக்க முடியாது. ஆகவே அவர்கள் கசிவையே அளந்தார்கள். ராஜகோபாலும், விஸ்கான்சினின் மாடிசன் நகரிலிருந்து வலிக் கொள்கைகளை ஆராய்ந்துவந்த டேவிட் ஜோரன்சன், ஆரன் கில்சன் ஆகியோரும் இணைந்து 2001இல் லான்செட் இதழில் வெளியிட்ட கட்டுரை சொல்வது: ஈராண்டுகளில் 1,723 நோயாளிகள் புறநோயாளிகளாக வாய்வழி மார்ஃபின் பெற்றனர், முறைகேடாகப் பயன்படுத்தியதாகவோ வெளியே திருப்பிவிடப்பட்டதாகவோ ஒரு நிகழ்வும் கண்டறியப்படவில்லை.

இந்த எண்ணை நாம் விருப்பம்போல் நீட்டிவிடக் கூடாது. இதே காலத்தில் அமெரிக்காவில் வேறோர் எண் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 1980இல் ஐந்தே வாக்கியங்களில் வெளியான ஒரு கடிதம், மருத்துவமனையில் போதைவகை மருந்து பெற்ற 11,882 பேரில் நால்வரிடமே அடிமைப்பழக்கம் பதிவானதாகச் சொன்னது. மருத்துவமனைக் கட்டிலில், கண்காணிப்பில், குறுகிய காலம் பெற்றவர்களைப் பற்றிய அந்தக் கடிதத்தை, முதுகுவலிக்கு மாதக்கணக்கில் மாத்திரை எழுதுவதற்குச் சான்றாக்கினார்கள். 600 தடவைக்கு மேல் அது மேற்கோளானது. 1996இல் ஆக்ஸிகான்டின் சந்தைக்கு வந்தது. அதன் அடிமையாக்கும் அபாயத்தைக் குறைத்துக் காட்டிய குற்றத்தைப் பர்டியூ நிறுவனம் 2007இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அதற்குள் பேரழிவு தொடங்கிவிட்டிருந்தது.

இரண்டு ஆய்வுகளும் சிறு எண்ணைச் சொல்கின்றன. ஆனால் கோழிக்கோட்டில் நோயாளி யார் என்பது வரையறுக்கப்பட்டிருந்தது. மருந்து விலை மலிந்த, சாதாரண மாத்திரை. எழுதுபவருக்கு விற்பனை ஆதாயம் இல்லை. வீட்டுக்கு யாரேனும் வந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதுகாப்பு மருந்தில் மட்டும் இல்லை, அந்த ஏற்பாட்டில் இருந்தது. அந்த 1,723ஐ எடுத்துக்கொண்டு, பெருநகரத் தனியார் வலிமருத்துவ மனைகளில் நாள்பட்ட மூட்டுவலிக்கு ஓபியாய்டு ஒட்டுப்பட்டை எழுதுவதை நியாயப்படுத்தினால் அமெரிக்கர் செய்த பிழையையே நாமும் செய்வோம். அப்படி வாதிடும் விளம்பரக் கையேடுகள் என் கண்ணிலும் பட்டிருக்கின்றன.

சட்டத்தின் பக்கம் மாற்றம் மெதுவாக வந்தது. 1998இல், தாயின் மார்பகப் புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் பெற முடியாத ஒரு மகனின் துயரம் தில்லி உயர்நீதிமன்றம் வரை சென்றது. தாமதமின்றி மருந்து கிடைக்க வழிசெய்யுமாறு நீதிமன்றம் பணித்தது. அதே ஆண்டு மே மாதம் வருவாய்த் துறை, ஒற்றை அனுமதியுடன் கூடிய மாதிரி விதியை மாநிலங்களுக்கு அனுப்பி, அவ்வாறே திருத்திக்கொள்ளக் கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொள்ளத்தான் முடியும்; கட்டளையிட முடியாது. கேரளம் திருத்தியது. வேறு சில மாநிலங்களும் திருத்தின. அடுத்த பத்தாண்டு கழிந்தும் மாநிலங்களில் ஏறத்தாழ பாதி அசையவில்லை. திருத்திய மாநிலங்கள் சிலவற்றிலும் விதி ஏட்டில் மாறியது, மாத்திரை வரவில்லை. ஏனெனில் எழுதத் தெரிந்த மருத்துவர் இல்லை. கேரளத்தில் விதியும் பயிற்சியும் ஊர்த்தன்னார்வலரும் ஒன்றாக இருந்தார்கள். 2008இல் அம்மாநிலம் தணிப்புச் சிகிச்சைக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது.

பின்னர் 2014. பதினைந்தாம் மக்களவையின் கடைசிக் கூட்டத்தொடர். தெலங்கானா மசோதாவால் அவையே கொந்தளித்துக் கிடந்த நாள்கள். பிப்ரவரி 20, 21 தேதிகளில் இரு அவைகளும் என்.டி.பி.எஸ். திருத்தத்தை நிறைவேற்றின. செய்தித்தாள்கள் அதைக் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை. ‘இன்றியமையாப் போதைமருந்துகள்’ என்ற புதிய வகையை அத்திருத்தம் உண்டாக்கியது. அவற்றுக்கு விதி வகுக்கும் அதிகாரம் மாநிலங்களிடமிருந்து ஒன்றிய அரசுக்கு மாறியது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்ஸிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் என்று ஆறு மருந்துகள் அவ்வகையில் அறிவிக்கப்பட்டன. 2015ஆம் ஆண்டு விதிகளின்படி, பயிற்சி பெற்ற மருத்துவர் உள்ள மருத்துவமனை மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் ஓர் ஏற்பு பெற்றால் போதும். சட்டத்தின் நான்காம் பிரிவில், முறைகேட்டைத் தடுக்கும் கடமையோடு மருத்துவப் பயன்பாட்டை உறுதிசெய்யும் கடமையும் சேர்க்கப்பட்டது. 1961இன் முகப்புரை இந்தியச் சட்டத்தின் உடலுக்குள் நுழைய ஐம்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின.

எல்லாம் சரியாகிவிட்டதா? 2017இல் லான்செட் ஆணையம் வெளியிட்ட கணக்கில், தணிப்புச் சிகிச்சை தேவைப்படும் இந்திய நோயாளி ஒருவருக்குக் கிடைத்த ஓபியாய்டு, மார்ஃபின் அளவில் 43 மில்லிகிராம். தேவையில் 4 விழுக்காடு. அமெரிக்காவில் அது 55,000 மில்லிகிராமுக்கும் மேல். ஒருபுறம் வறட்சி, மறுபுறம் வெள்ளம்.

வலி மட்டும் விதிகளுக்காகக் காத்திருப்பதில்லை. மார்ஃபின் பூட்டப்பட்டிருந்த காலமெல்லாம் அவ்விடத்தை வேறு மருந்துகள் நிரப்பின. டெக்ஸ்ட்ரோப்ரொபாக்ஸிஃபீன் மலிவாகக் கிடைத்தது. இதயத்துக்குக் கேடு என்று 2013இல் அரசு தடைசெய்தது. டைக்ளோஃபெனாக் போன்றவை அளவு மீறி விழுங்கப்பட்டு இரைப்பைப் புண்ணையும் சிறுநீரகச் சேதத்தையும் உண்டாக்கின. டிரமடால், என்.டி.பி.எஸ். பட்டியலுக்கு வெளியே இருந்த ஒரே காரணத்தால் பெட்டி பெட்டியாகத் தயாராகி, உள்நாட்டில் போதைக்கும் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கடத்தலுக்கும் போயிற்று. 2018 ஏப்ரலில் அதுவும் பட்டியலுக்குள் வந்தது. மார்ஃபினைப் பூட்டியதால் நாடு பாதுகாப்பாயிற்று என்று வாதிடுவோர், பூட்டாத அலமாரிகளில் என்ன நிகழ்ந்தது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அந்த மாணவிக்கு இப்பதிவின் முன்வடிவை அனுப்பினேன். தந்தை அலைந்த மூன்றாவது மாவட்டத்தில் ஒரு மருந்தகத்தில் மாத்திரை இருந்ததாகவும், பதிவேட்டில் கையொப்பமிட வேண்டிய அதிகாரி விடுப்பில் இருந்ததால் தர மறுத்துவிட்டதாகவும் அவர் பதில் எழுதினார். இத்தகைய செய்திகள் எந்த ஆவணக்காப்பகத்திலும் இருக்காது. ஆகவே ஒரு வேண்டுகோள். 1985க்கும் 2000க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் மருத்துவமனை மருந்தகங்களில் பணிபுரிந்தவர்கள், கலால் அலுவலகங்களில் இவ்வுரிமக் கோப்புகளைக் கையாண்டவர்கள் உங்கள் குடும்பத்திலோ பழக்கத்திலோ இருந்தால், அவர்களோடு பேச விரும்புகிறேன். பழைய இருப்புப் பதிவேட்டின் ஒரு பக்கம் கிடைத்தாலும் பயன்படும். நோயாளிகளின் பெயர் எதுவும் வேண்டாம். தேதியும் அளவும் போதும். உட்பெட்டியில் எழுதுங்கள்.